கொங்கணி வீட்டு வழியாக வந்த அலமாரி

என் மாமாவுக்குக் கை நீளம். இதை முதலில் சொல்லாவிட்டால் அலமாரியின் கதை விளங்காது. தப்பான அர்த்தத்தில் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தால் தெரிகிற நீளம். கொச்சியில், மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் அவர் வேலை பார்த்தார். ஜாக்கெட் துணிக்குக் கஜக்கோல் உண்டு. ரிப்பன், நாடா, ஜரிகைக் கரை இவையெல்லாம் முழம் போட்டுத்தான் கொடுப்பார்கள். கடைக்கு வருகிற பெண்கள் முதலாளி அளக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்த நெட்டைக்காரர் வரட்டும் என்று காத்திருப்பார்கள். முதலாளி அவரை ரிப்பன் பக்கம் போக விடாமல் பார்த்துக்கொள்வதே ஒரு வேலையாக வைத்திருந்தார்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா அதற்கு நேர் எதிர். குட்டை. கொச்சங்காடியில் சுக்கு வியாபாரம். சாக்கை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார் என்று பண்டகசாலைகளில் பேர். அந்தப் பேர் அவருக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது. அளவுகோல், தராசு இவையெல்லாம் நம்பிக்கை இல்லாதவர்கள் வைத்துக்கொள்வது என்பது அவர் எண்ணம். அம்மா அரிசி அளக்கிற படியைக்கூடச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

இந்த இருவரும் சேர்ந்துதான் அக்காவின் கல்யாணத்துக்கு அலமாரி வாங்கினார்கள்.

நாங்கள் பாலக்காட்டிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், படியிறங்கினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் கொச்சிக்காரர்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து போவார். அவருக்கென்று பெண் வீட்டில் ஓர் அறை ஒதுக்கி, கட்டில் போட்டு, விரிப்பு விரித்து, ஜோடித்து வைக்க வேண்டும். மணியறை என்பார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து அந்த அறையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பேச்சுக்குத்தான் பார்ப்பது. உண்மையில் அது ஒரு பரீட்சை.

அந்தப் பரீட்சையில் அக்கா ஏற்கெனவே ஒரு தடவை தோற்றிருந்தாள். அவள் ஒன்றும் செய்யவில்லை, பாவம். முதலில் வந்த சம்பந்தம் எல்லாம் பேசி முடிந்த பிறகு, வீடு சிறிசு, மணியறைக்கு வசதி போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அக்கா ஜன்னல் பக்கம் உட்காருவதை விட்டுவிட்டாள். அம்மா தொழுகைக்குப் பிறகு கையேந்துகிற நேரம் நீண்டுகொண்டே போயிற்று. இரண்டு வருஷம் கழித்து இந்த இடம் வந்தது. அத்தா சுக்கு மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டார். எத்தனை சுண்ணாம்பு அடித்தும் சுக்கு வாசனை போகவில்லை. அது வேறு விஷயம்.

மாமா சும்மா இருந்திருக்கலாம். மாப்பிள்ளையின் பெரியம்மா துணிக்கடைக்கு வந்தபோது, ஆளுயரக் கண்ணாடி வைத்த ஈட்டி மர அலமாரி ஒன்று மணியறைக்கு வருகிறது என்று சொல்லிவிட்டார். அப்போது அப்படி ஓர் அலமாரி இந்த உலகத்தில் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ரிப்பனைப் போலவே பேச்சிலும் அவர் அளவுக்கு மேல் கொடுத்துவிடுகிறவர்.

அந்தச் சமயத்தில், யூதர்கள் குடியிருந்த ஜூதத் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறிப் போனார்கள். கப்பலில் ஏற்ற முடியாததெல்லாம் வாசலுக்கு வந்தது. மாமா நாலைந்து வீடு ஏறி இறங்கி, கடைசியில் அப்படி ஓர் அலமாரியைக் கண்டுபிடித்தே விட்டார். கறுத்து மின்னுகிற ஈட்டி மரம். நடுக்கதவில் ஆளுயரக் கண்ணாடி. மேலே திராட்சைக் கொத்து செதுக்கிய முகப்பு. பிரிக்க முடியாத ஒரே கட்டு. விற்ற அம்மாள் கடைசியாக ஒரு தடவை அதன் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாராம்.

எங்கள் வீட்டுக்கு வருகிற சந்து இரண்டு பண்டகசாலைச் சுவர்களுக்கு நடுவே போய், பாதியில் ஒரு திருப்பம் திரும்பும். அந்தத் திருப்பத்தில் அலமாரி திரும்புமா என்பதுதான் அம்மாவின் கேள்வி. அளந்து பாருங்கள் என்றாள். மாமா ஜூதத் தெருவில் அலமாரியை அளந்தார். மூன்று முழம். அத்தா சந்தின் திருப்பத்தை அளந்தார். மூன்றரை முழம்.

"அரை முழம் மிச்சம்" என்றார் அத்தா. "ஒரு ஆட்டையும் சேத்துக் கொண்டு வரலாம்."

மாமாவின் மூன்று முழமும் அத்தாவின் மூன்றரை முழமும் ஒன்றுதான் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் ஊரில் பாதிப் பெண்கள் மாமாவைத் தேடிப் போனதே அந்தக் கைக்காகத்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அலமாரி கைவண்டியில் வந்தது. சந்து முனையில் இறக்கி, நாலு சுமட்டுக்காரர்கள் கயிறு கட்டித் தூக்கினார்கள். மாமா முன்னால் நடந்து, தள்ளு, சாய், பையப் பைய என்று கத்திக்கொண்டு வந்தார். அத்தா பின்னால். நான் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அக்காவும் கதவுக்குப் பின்னால்.

திருப்பத்தில் அலமாரி நின்றது. கொஞ்சம் சாய்த்தார்கள். ஒரு மூலை இந்தச் சுவரில் உரசியது. எதிர் மூலை அந்தச் சுவரில் உரசியது. ஏலேலோ என்று ஒரு தள்ளுத் தள்ளினார்கள். அவ்வளவுதான். முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. போத்தலில் அடைத்த தக்கை மாதிரி எங்கள் சந்தை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. மாமா எங்கள் பக்கம் மாட்டிக்கொண்டார். அத்தாவும் சுமட்டுக்காரர்களும் தெருப் பக்கம்.

"மச்சான், நீங்க எப்படி அளந்தீங்க?" என்று மாமா அலமாரிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

"முழம் போட்டுத்தாண்டா அளந்தேன்!" என்று அத்தா அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். "நீ எப்படி அளந்தே?"

"முழம் போட்டுத்தான்!"

மாமா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அம்மாவால் வேற்று ஆண்கள் நிற்கிற சந்துக்கு வர முடியாது. அதனால் சேதி கொண்டு போகிற வேலை எனக்கு வந்தது. அலமாரியின் கால்களுக்கு நடுவே நான் தவழ்ந்து போகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அம்மா சொன்னதை அத்தாவிடம் சொல்ல ஒரு தடவை, அத்தா சொன்னதை அம்மாவிடம் சொல்ல ஒரு தடவை என்று பாவாடை முழுக்க மண்ணாகத் தவழ்ந்துகொண்டிருந்தேன். எனக்கு அது பெருநாள் போல இருந்தது. அந்தப் பக்கம் போனால் கண்ணாடியில் என் முகம் தெரியும். அதற்காகவே கேட்காத சேதியையும் கொண்டு போனேன்.

அம்மா சொன்னது ஒன்றேதான்: "அஸருக்கு அவுக வந்துருவாக." அந்தப் பிற்பகல் தொழுகை நேரத்துக்கு வருகிற மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அந்தச் சந்து வழியாகத்தான் வர வேண்டும். அலமாரி இல்லாத மணியறையைப் பார்ப்பதற்கு முன்னால், சந்தில் கோணலாகச் சிக்கிக்கொண்டு நிற்கிற அலமாரியைப் பார்ப்பார்கள். ஊர் முழுக்கச் சிரிக்கும். உள்ளே போய்ப் பார்த்தேன். அக்கா மணியறையில், அலமாரிக்காக விட்டிருந்த வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அழவில்லை. வீடு சிறிசு என்று சேதி வந்த நாளிலும் இப்படித்தான் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் பெருநாள் முடிந்துவிட்டது. போதாக்குறைக்குக் காயல் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் மேலேயிருந்து ஒரு குரல், சிக்கிக்கொண்டதா என்று மலையாளத்தில் கேட்டது.

"எந்தா ராவுத்தரே, குடுங்கிப் போயோ?"

எங்கள் வீட்டின் முதுகும் ஒரு கொங்கணிக் குடும்பத்தின் வீட்டின் முதுகும் ஒட்டியவை. அவர்கள் வாசல் அடுத்த தெருவில். மொட்டைமாடியின் ஓர் ஓரம் மட்டும் எங்கள் சந்தின் திருப்பத்துக்கு மேலே வரும். நாங்கள் அந்த வீட்டுக்கு வந்து சில வருஷமாகியும் அவர்கள் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. அவர்கள் மொட்டைமாடியில் அப்பளம் காயும். காற்றடித்தால் பெருங்காய வாசனை எங்கள் முற்றத்தில் இறங்கும். காலையில் மணியாட்டும் சத்தம் கேட்கும். அவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்களிடமிருந்து அவர்களுக்குப் போனது இறைச்சி வேகிற வாசனையாக இருந்திருக்கும். மழைக்கு முன் அப்பளத்தை அள்ள வந்த ஓர் அம்மாள்தான் மாடியின் விளிம்பில் நின்று சந்தைப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. கையில் அப்பள முறம்.

முன்பின் தெரியாத பெண் மாடியிலிருந்து கேட்கும்போது ஆண்கள் என்ன பதில் சொல்வார்கள்? நான்தான் சொன்னேன். நாளைக்கு எங்கள் அக்காவுக்குக் கல்யாணம், இது மணியறைக்கு வந்த அலமாரி, மாப்பிள்ளை வீட்டார் அஸருக்கு வருகிறார்கள், மாமா கை நீளம், அத்தா கை குட்டை என்று ஒரே மூச்சில் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அலமாரியைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் துணி காயப்போடுகிற கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்துக் கீழே விட்டார்.

"இதில் அளந்து தா" என்றார்.

நான் கயிற்றை அலமாரியின் முகப்பில் வைத்துப் பிடித்தேன். மாமா முடிச்சுப் போட்டார். அம்மாள் கயிற்றை மேலே இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே யாரோ வயதான ஆண் குரல் பேசுவது கேட்டது. கொங்கணியில். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அந்தக் குரல் நீளமாகப் பேசியது, நிறுத்தியது, மறுபடியும் பேசியது. இருமல் வந்தது. கடைசியில் அம்மாளின் குரல் கேட்டது. ஒரே ஒரு வாக்கியம். சண்டை போடுகிற தொனி இல்லை. சோறு ஆகிவிட்டது, இலை போடட்டுமா என்று கேட்கிற தொனி. அதற்குப் பிறகு வயதான குரல் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் என்னவாக இருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

அம்மாள் திரும்பி வந்து, அலமாரியைப் பின்னால் இழுத்து அடுத்த தெருவுக்குக் கொண்டுவரச் சொன்னார். "என்றெ வீட்டில் கூடிக் கொண்டு போய்க்கோ" என்றார். என் வீட்டுக்குள்ளே நுழைத்து எடுத்துப் போங்கள் என்று அர்த்தம்.

அந்த இரண்டு வீடுகளும் ஒரு காலத்தில் ஒரே வியாபாரியின் கிடங்காக இருந்தவை. பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பினார்கள். மூட்டை போக வர இருந்த அகலமான கதவு ஒன்று மட்டும் அந்தச் சுவரிலேயே தங்கிவிட்டது. அந்தப் பக்கம் அவர்கள் ஆணி அடித்தார்கள். இந்தப் பக்கம் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஆணி அடித்தார்கள். எங்களுக்கு அது கதவாகவே தெரிந்ததில்லை. நான் அதில் கரியால் படம் வரைவேன்.

அத்தா கையைக் கூப்பினார். "அம்மே, வேண்டாம். உங்களுக்குப் புத்திமுட்டு" என்றார். எங்கள் ஊரில் சிரமத்துக்கு அதுதான் வார்த்தை. "உள்ள பெரியவரு இருக்காரு. நாங்க வேற வழி பாத்துக்கறோம்." வேறு வழி எதுவும் இல்லை என்பது சுமட்டுக்காரர்களுக்கும் தெரியும்.

அம்மாள் மேகத்தைக் காட்டினார். "மழை வரும் முன்னே வரூ" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கக் கீழே போய்விட்டார்.

பின்னால் இழுப்பது முன்னால் தள்ளுவதைவிடப் பெரும்பாடு. சுவரில் கொஞ்சம் காரை பெயர்ந்தது. அலமாரியின் ஒரு மூலையில் கீறல் விழுந்தது. எப்படியோ சந்தைவிட்டு வெளியே வந்தது. அத்தா வீட்டுக்கு ஓடிவந்து எங்கள் பக்கத்து ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். மாமா அலமாரியோடு அடுத்த தெருவுக்குப் போனார். நானும் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை.

அந்த வீட்டு வாசலில் ஒரு செம்பில் தண்ணீர் இருந்தது. சுமட்டுக்காரர்கள் கேட்காமலேயே கால் கழுவிக்கொண்டார்கள். மாமாவும் கழுவினார். நான் இரண்டு தடவை கழுவினேன். கூடத்தில் சாமி அறைக் கதவு சாத்தியிருந்தது. பெரியவர், அம்மாளின் மாமனார், நாற்காலியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். நாங்கள் போய் முடிகிறவரை திரும்பவே இல்லை. சந்தில் அத்தனை சத்தம் போட்ட சுமட்டுக்காரர்கள் அங்கே மூச்சுக்கூட விடாமல் நடந்தார்கள்.

அம்மாள் முன்னால் நடந்து வழி காட்டினார். அலமாரியின் கண்ணாடி பின்னால் வந்தது. நான் அந்த வீட்டை முழுக்கக் கண்ணாடிக்குள்தான் பார்த்தேன். சாத்திய சாமி அறை, ஊஞ்சல், வரிசையாக அடுக்கிய பித்தளைப் பாத்திரங்கள், சமையலறை வாசல், நடுமுற்றத்துத் துளசி எல்லாம் ஒவ்வொன்றாக அதற்குள் வந்து ஆடி ஆடிப் போயின. சமையலறைத் திருப்பத்தில் மூச்சு வாங்க அலமாரியை இறக்கி வைத்தார்கள். அம்மாள் திரும்பினார். எதிரே அவரே நின்றிருந்தார், தலையிலிருந்து கால் வரை. கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தார். பிறகு கையால் முந்தானையைச் சரி செய்துகொண்டு, யாரும் பார்த்துவிட்டார்களா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் பார்த்திருந்தேன். அவர் சிரித்தார். அதுவரை அந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கத்து ஆணிகளை ஒரு சுமட்டுக்காரர் பிடுங்கினார். கதவு கிறீச்சென்று திறந்தது. அந்தப் பக்கம் எங்கள் முற்றம்! எங்கள் கிணறு, எங்கள் முருங்கை, முக்காடு போட்டு ஒதுங்கி நிற்கிற அம்மா, அக்கா. பிறந்ததிலிருந்து தெரிந்தவர்களை வேறொரு வீட்டுக்குள் நின்று பார்ப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அலமாரி கதவைத் தாண்டியது. இரண்டு பக்கமும் விரற்கடை இடம் மிச்சம். கயிறு பொய் சொல்லவில்லை.

அம்மா வாசற்படிக்கு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் அக்காவைப் பார்த்தார்.

"மணவாட்டி இதாணோ?"

அக்கா தலைகுனிந்தாள். அம்மாள் தன் படியைத் தாண்டி வரவில்லை. அங்கேயே நின்று, காற்றில் அக்காவின் முகத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை நெரித்துச் சொடக்கெடுத்தார். "நன்னாயி வரட்டே" என்றார். இரண்டு அடி எடுத்து வைத்திருந்தால் கன்னத்தையே தொட்டிருக்கலாம், ஏன் வரவில்லை என்று நான் நினைத்தேன். அம்மாள் கதவைச் சாத்தினார். முதல் தூறல் விழுந்தது.

அஸர் முடிந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மழையில் நனைந்துகொண்டு வந்தார்கள். அந்தப் பெரியம்மா அலமாரிக் கதவைத் திறந்து மூடி, மறுபடி திறந்து மூடி, கண்ணாடியில் பார்த்துத் தலையில் போட்டிருந்த தட்டத்தைச் சரி செய்துகொண்டார். பிறகு மற்றவர்களும் வரிசையில் நின்று சரி செய்துகொண்டார்கள். மூலையில் விழுந்த கீறலை அக்கா தன் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். அறையில் சுக்கு வாசனை அடிக்கிறதே என்று ஒருத்தி கேட்டாள். சளி பிடிக்காது என்றார் பெரியம்மா. பரீட்சை முடிந்தது. அவர்கள் போன பிறகு அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை அது.

பொழுது சாய, மக்ரிபுக்குக் கொஞ்சம் முன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கிணற்றில் வாளி இறங்கும், ஏறும், தண்ணீர் தரையில் விழும், துடைப்பம் இழுபடும். பிறகு பித்தளைப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக இறக்கிக் கழுவுகிற சத்தம். மழை விட்ட பிறகும் அந்தச் சத்தம் விடவில்லை. ஒரே ஆள் செய்கிற வேலை என்பது சத்தத்திலேயே தெரிந்தது. நடுநடுவே ஓய்ந்து, மறுபடி தொடங்கியது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம கல்யாணத்துக்கு அவங்களும் வீடு கழுவுறாங்க!" என்று அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா கையிலிருந்த வேலையை நிறுத்தி அத்தாவைப் பார்த்தாள். அத்தா முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அலமாரி வந்த சந்தோஷத்தில் அதுவரை மாமாவின் கையைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவர், உள்ளே போனார். பிறகு சுத்தியலை எடுத்து வந்தார். பகலில் பிடுங்கிப்போட்ட ஆணிகளைப் பொறுக்கினார். வளைந்திருந்ததைக் கல்லில் வைத்து நிமிர்த்தினார்.

"விடுங்களேன், கல்யாணம் முடியட்டும்" என்றாள் அம்மா.

"நம்மாலே அந்தப் புள்ளைக்கு அந்த வீட்டுல பேச்சு வரக் கூடாது" என்றார் அத்தா. ஐம்பது வயது அம்மாளை அவர் புள்ளை என்று சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தது. "இனிமே இந்தப் பக்கத்துலேருந்து ஒரு தொந்தரவும் இல்லேன்னு தெரியட்டும்."

அவர் ஆணி அடித்தார். முதல் அடி விழுந்ததும் அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. எல்லா ஆணியும் அடித்து முடிகிறவரை அங்கே ஒரு சத்தமும் இல்லை. பிறகு துடைப்பம் மெதுவாக இழுபட்டது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தெரு முழுக்க, மாமாவின் முதலாளி வீடு வரைக்கும், நெய்ச்சோறும் இறைச்சியும் போயிற்று. அந்த வீட்டுக்கு மட்டும் அம்மா ஒரு குலை நேந்திரம்பழமும், உரிக்காத தேங்காய்களும், கற்கண்டும் மாமாவிடம் கொடுத்து வாசல் வழியாக அனுப்பினாள். அலமாரிக்கு வழி விட்டவர்களுக்குச் சோறு இல்லையா என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மா, போடி அந்தப் பக்கம் என்றாள். மாமா திரும்பி வரும்போது கை நிறைய அப்பளம் கொண்டு வந்தார். பெருங்காயம் போட்ட அந்த அப்பளத்தைப் புது மாப்பிள்ளை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அந்த அம்மாளை மாடியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்பளம் பரத்தும்போது கையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது கீழேயிருந்து தூக்கிக் காட்டினோம். மேலேயிருந்தே சொடக்கெடுத்தார். பேச்சு அதற்கு மேல் வளரவில்லை. அவர்களாகக் கூப்பிடாமல் நாமாகப் போகக் கூடாது என்பது அத்தாவின் சட்டம். அவர் அதைக் கசப்பாகச் சொல்லவில்லை. மரியாதையாக நினைத்துத்தான் சொன்னார்.

எனக்கு விவரம் தெரியத் தெரிய, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தின் அர்த்தம் புரிந்தது. புரிந்த வயதில் எனக்குக் கோபம் வந்தது. நாம் நடந்த தரையைக் கழுவினார்களே என்ற கோபம். என்னோடு படித்த ஒருத்தியிடம் இதைச் சொல்லி, இதெல்லாம் ஒரு உதவியா என்றுகூடப் பேசியிருக்கிறேன். பிற்பாடு, எனக்கென்று ஒரு வீடும் அதில் பெரியவர்களும் வாய்த்த பிறகு, கோபம் மெல்ல மாறியது. அந்த வீட்டுக்கு என்ன சட்டம் என்று அம்மாளுக்குத் தெரியும். எத்தனை வாளி தண்ணீர், எத்தனை பாத்திரம், எவ்வளவு பேச்சு, எல்லாம் தெரியும். கயிற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போனபோதே தெரியும். தெரிந்துதான் திறந்தார். இப்படி நினைத்து அத்தோடு விஷயம் முடிந்தது என்று இருந்தேன்.

முடியவில்லை. அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் நடுச்சுவரில் ஒரு பகுதி சரிந்தது. அதற்கு முன்பே அந்த மாமனார் காலமாகி, அம்மாளும் மகன் வீட்டோடு வேறு ஊருக்குப் போயிருந்தார். வீட்டை வாங்கியவர்கள், சுவரைக் கட்டும்போது அந்தக் கதவையும் எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்றார்கள். நான் அப்போது பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அத்தா கிழவராகியிருந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொத்தனாருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். கொத்தனார் ஒன்றையும் காதில் வாங்கவில்லை.

கொத்தனார் எங்கள் பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அத்தாவின் கையில் கொடுத்தார். கடைசி ஆணி வந்ததும், அந்தப் பக்கம் போய் அங்கே அடித்ததைப் பிடுங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கதவின் மேல் கையை ஊன்றினார். கதவு திறந்துகொண்டது. கிறீச்சென்ற சத்தம்கூட இல்லை. மனுஷன் விழப் பார்த்தார்.

அந்தப் பக்கம் ஆணியே இல்லை. சுமட்டுக்காரர் அன்றைக்குப் பிடுங்கிய பழைய துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. தாழ்ப்பாளும் போட்டிருக்கவில்லை. கீல்களில் எண்ணெய் விட்டு விட்டுக் கறுத்திருந்தது.

அத்தா எழுந்து போய் அந்தக் கீலைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய எண்ணெயைப் பார்த்தார். கையில் துருப்பிடித்த ஆணிகளோடு அந்த வாசலில் நின்றுகொண்டு, "அந்தச் சத்தம் அவுகளுக்குக் கேட்டிருக்குமே" என்றார். எந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கதவில் சாய்ந்துகொண்டுதான் நான் பள்ளிக்கூடப் பாடமெல்லாம் படித்தேன். மாடியில் அப்பள முறம் தெரியும்போதெல்லாம் நிமிர்ந்து கையை ஆட்டினேன். ஒரு தடவைகூட அதைத் தள்ளிப் பார்க்கத் தோன்றவில்லை. தள்ளியிருந்தாலும் திறந்திருக்காது. இத்தனை வருஷமும் அதை மூடி வைத்திருந்தது எங்கள் ஆணிகள்தான்.